அம்மா: அறையில் ஓய்வு

அப்பு,

நீ அனுப்பிய டெல்லித் திட்டத்தை நான்கு முறை படித்துவிட்டேன். அழகாகத்தான் போட்டிருக்கிறாய். திண்டுக்கல் ஸ்டேஷனில் நம் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும், ரயிலில் இரண்டு ராத்திரிக்குச் சாப்பிட என்னென்ன கட்டிக்கொள்ள வேண்டும், செங்கோட்டைக்கு எந்த மெட்ரோவில் ஏற வேண்டும், அப்பாவின் மூட்டுவலிக்கு எந்த இடத்தில் படி அதிகம், நம்மூர்ச் சோறு எங்கே கிடைக்கும் என்று எல்லாம் இருக்கிறது. மேலே 'அப்பா அம்மாவின் முதல் டெல்லிப் பயணம்' என்று எழுதி ஒரு பூப்படம் வேறு. இரண்டாம் பக்கத்தில் பயிற்சி நடக்கும் மூன்று நாட்கள். காலை ஒன்பதரை, பதிவு: அம்மா வந்து கையெழுத்து மட்டும் போட்டால் போதும். பத்து முதல் ஐந்து வரை, அப்பா: கூட்டம். அதற்கு நேரே, அம்மா: அறையில் ஓய்வு. மூன்று நாளும் அதே வரிதான். கடைசி நாளில் மட்டும் ஒரு வரி கூடுதல்: ஐந்து நிமிடப் பேச்சு, அப்பா பேசுவார், அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். சாயங்காலம் கரோல் பாக்கில் அம்மாவுக்குச் சேலை.

அது பெண் ஊராட்சித் தலைவர்களுக்கான கூட்டம், அப்பு. நம் ஊராட்சிக்குத் தலைவர் நான். உன் அப்பா அல்ல. இதை என் மகனுக்கே எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் என்னை இத்தனை நாளும் சோறு இறங்காமல் வைத்திருக்கிறது. நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. குளிருக்கு அம்மாவுக்குக் காதை மூடும் மப்ளர் வாங்கிவிட்டேன் என்று கீழே எழுதியிருக்கிறாய். அவ்வளவு அக்கறையோடு என்னைக் கொண்டுபோய் ஒரு அறைக்குள் வைத்துப் பூட்டத் திட்டம் போட்டிருக்கிறாய். திட்டிக்கொண்டே செய்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பினால் நீ படித்துவிட்டு, அம்மா கோபத்தில் இருக்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அப்பாவுக்குப் போன் போடுவாய். அதனால் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். நம் வீட்டு மானம் போகும் என்பாய். போகட்டும். இப்படி எத்தனை வீடுகளில் தலைவிகள் ஓய்வில் இருக்கிறார்கள் என்று அந்தந்த வீட்டுப் பிள்ளைகளும் எண்ணிப் பார்க்கட்டும்.

நான் தலைவரான கதை உனக்குத் தெரியும். தெரிந்த மாதிரி நீ நடந்துகொள்ளாததால் மறுபடி சொல்கிறேன். நம் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று உன் அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். பத்து வருடமாக அந்த நாற்காலிக்காகக் கல்யாணம் கருமாதி எல்லாவற்றுக்கும் ஓடிய மனிதர். மூன்றாம் நாள் எழுந்து, நத்தம் பக்கம் மாந்தோப்புக் குத்தகை பேசிவிட்டு வந்து சொல்வாரே, அதே குரலில், "நீ நிக்கிற" என்றார். நிற்கிறாயா என்று கேட்கவில்லை. மறுநாள் சுவரொட்டி வந்தது. அவர் படம் ஆள் உயரத்துக்கு, கும்பிட்டபடி. என் படம் மூலையில், ரேஷன் கார்டில் இருந்து வெட்டி ஒட்டியது போல. என் பெயருக்கு முன்னால் அவர் பெயர் பெரிய எழுத்தில். ஜெயித்த பிறகு ஊர் அவரைத் தலைவரே என்று கூப்பிட்டது. என்னைத் தலைவர் வீட்டம்மா என்றது. பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டவள் நான். அந்தப் பதவிக்கு வாழ்க்கைப்பட்டவளாகவும் நானேதான் ஆனேன். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தேன். நான் சிரித்த இடங்களை எல்லாம் இப்போது திரும்பிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குற்றமாகத் தெரிகிறது.

ஒன்றிய அலுவலகத்தில் எங்களுக்கு முதல் பயிற்சி வைத்தார்கள். சுற்றுப்பட்டு ஊராட்சிகளின் தலைவிகள் எல்லாரும் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தோம். உள்ளே நாற்காலிகள் முழுக்கப் புருஷன்மார்கள், மச்சினன்மார்கள், ஓரிரு மாமனார்கள். நாங்கள் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். உள்ளே ஒருவர் பட்ஜெட் பற்றிப் பேசுவது ஜன்னல் வழியாகப் பாதி கேட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த தலைவி ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு ஒரு ஊழியர் வந்து, "போட்டோ எடுக்கணும், தலைவிங்க மட்டும் உள்ள வாங்க" என்றார். ஆண்கள் எழுந்து வெளியே போய் டீ குடித்தார்கள். நாங்கள் அவர்கள் உட்கார்ந்து சூடேறிய நாற்காலிகளில் உட்கார்ந்தோம். படம் எடுத்தார்கள். திரும்ப வராந்தாவுக்கு வந்துவிட்டோம். அந்தப் படம் நம் ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. போன வாரம் நீ போனில், டெல்லிக் கோட்டைகளில் ராணிமார்கள் சபையைப் பார்ப்பதற்கென்றே ஓட்டை ஓட்டையாகக் கல்லில் ஜன்னல் செதுக்கியிருக்கிறார்கள், வேலைப்பாடு அபாரம், நீ கட்டாயம் பார்க்கணும்மா என்றாய். அதைப் பார்க்க நான் டெல்லி வர வேண்டியதில்லை அப்பு. ஒன்றிய அலுவலக வராந்தாவிலேயே பார்த்துவிட்டேன்.

டெல்லி அழைப்பு வந்த விதத்தையும் கேட்டுக்கொள். ஊராட்சித் தலைவர் என்று அரசாங்கத்திடம் இருக்கும் போன் எண் உன் அப்பாவுடையது. சென்னையில் இருந்து ஒரு பெண் அதிகாரி பேசினார். உன் அப்பா, "தலைவர்தான் பேசுறேன், சொல்லுங்க" என்றார். அந்தம்மா விடவில்லை. பெண் குரல் கேட்டால்தான் மேலே பேசுவேன் என்றிருக்கிறார். நான் மாவாட்டிய கையோடு போனை வாங்கினேன். வீட்டுக்கு வீடு குடிநீர் கொடுத்த ஊராட்சிகளில் இருந்து சில தலைவிகளை டெல்லிக்கு அழைக்கிறோம், உங்கள் ஊராட்சியும் பட்டியலில் இருக்கிறது, மூன்று நாள் பயிற்சி, துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம், கடைசி நாள் உங்கள் ஊரில் எப்படித் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும், தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றார். பிறகு, "உங்களுக்குப் போக விருப்பமா?" என்று கேட்டார். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்த்தேன். அப்படிக் கேட்டவரிடம் நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன் என்றேன். அந்தம்மா சரிம்மா என்று வைத்துவிட்டார். அந்தச் சரிம்மா இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வீடே டெல்லியாகிவிட்டது. உன் அப்பா இரண்டு வெள்ளைச் சட்டையும் ஒரு ஸ்வெட்டரும் வாங்கினார். ஊராட்சிக் கிளார்க்கிடம் சொல்லி ஐந்து நிமிடப் பேச்சை எழுதி வாங்கினார். மாந்தோப்பில் நின்று சத்தமாகப் பேசிப் பார்ப்பதாகத் தோப்புக் காவல்காரர் வந்து சொன்னார். நீ அனுப்பிய திட்டத்தை டீக்கடையில் இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருக்கிறார். என் தொண்டை பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கட்டிவிட்டது என்பதை நான் பூக்காரி வாயில்தான் கேட்டேன். "தொண்டைக்கு என்னக்கா, மிளகு போட்டுக் குடிச்சீங்களா?" என்றாள். குடித்தேன் என்றேன். அந்தப் பொய்யையும் நான்தான் சொன்னேன்.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது சுகன்யா. இன்னும் மூன்று மாதத்தில் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். அன்று ஒட்டன்சத்திரத்தில் இருந்து பேசினாள். நான் வழக்கம் போல அவள் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைத்தாள், பள்ளிக்கூடத்தில் வேலை எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று, "ஏனுங்க அத்தை, டெல்லியில அஞ்சு நிமிசம் பேசோணுமாமா. நீங்க என்னங்க பேசப் போறீங்க?" என்றாள். நான் தொண்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அந்தப் பிள்ளை நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது. நான் பேசுவேன் என்று நம்பிக் கேட்டது. இனிமேல்தான் யோசிக்கணும் என்று சொல்லி வைத்துவிட்டு, யோசித்தால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நம் ஊராட்சியில் வீட்டுக்கு வீடு தண்ணீர் எப்படி வந்தது? எங்கே போர் போட்டோம், எந்தத் தொட்டி எந்தத் தெருவுக்கு? நான்கு வருடம் கையெழுத்துப் போட்ட எனக்குத் தெரியாது. அதனால் மறுநாள் அலுவலகத்துக்குப் போய்த் தீர்மான நோட்டை எடு என்றேன். கிளார்க், "சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார். "எந்த சார்?" என்று கேட்டேன். அவர் நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு ஒதுக்கியிருந்தார்கள். அங்கே யார் இருக்கிறார்கள், ஊரை விட்டு ஏன் அவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியும். அந்தக் கிணற்றை, காலனியில் நீர்மட்டம் இல்லை என்று எழுதி, உன் சித்தப்பாவின் தென்னந்தோப்பு ஓரத்துக்கு மாற்றியிருக்கிறது ஒரு தீர்மானம். அங்கிருந்து குழாய் போட்டுக் காலனித் தொட்டிக்கு நீர் ஏற்றப்படும் என்று கடைசியில் ஒரு வரி. கீழே தலைவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். அன்று நான் நத்தத்தில், உன் பெரியம்மா மகளின் வளைகாப்பில் இருந்தேன். கையெழுத்தின் கடைசிச் சுழிப்பைப் பார்த்தேன். நான் சுழிப்பதை விட நன்றாக இருந்தது. அது உன் கை, அப்பு.

நீ ஒன்பதாவது படிக்கும்போது கணக்கில் தேறாத ரேங்க் கார்டில் என் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா. அன்று உன்னைப் புளிய விளாறால் அடித்தேன். அடித்துவிட்டு நானும் அழுதேன். அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது அவர்கள் வாயைப் பொத்துவதற்குச் சமம் என்று என்னென்னமோ சொன்னேன். ஆறு வருடம் கழித்துக் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தாய். வளைகாப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும், "ம்மா, அப்பா அவசரம்னாரு, ஒன் கையெழுத்த நானே போட்டுட்டேன்" என்று சொன்னாய். சொல்லாமல் மறைக்கவில்லை, அதுவரை நீ நேர்மையானவன். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். எங்கே போட்டுக் காட்டு என்று ஒரு தாளைக் கொடுத்தேன். நீ போட்டாய். எனக்கே வராது, எம்புட்டு அழகா இருக்கு என்று உன் தலையைத் தடவினேன். எதில் போட்டாய் என்று கேட்கவில்லை. கணக்குப் பரீட்சைக்கு விளாறு எடுத்தவள், ஒரு தெருவின் தண்ணீருக்கு உன்னைக் கொஞ்சினேன். இந்தக் கடிதத்தில் நான் உன்னைத் திட்டுவதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. அந்தப் பாதியை நான் வாங்கிக்கொண்டேன். மீதிப் பாதியை நீ வாங்கிக்கொள்.

அன்று மத்தியானமே காலனிக்கு நடந்து போனேன். ஓட்டுக் கேட்டுப் போனதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிமெண்டுத் தூணில் ஒரு குழாய், நீலத் தலையோடு. பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஒரு குழாயில் பள்ளிப் பை தொங்கியது. இன்னொன்றில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. குழாய் நட்டு, பக்கத்தில் ஆளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தப் படம்தான் போய் நம்மைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தச் சனங்கள் உன் சித்தப்பாவின் தோப்பு வாசலில் குடத்தோடு நிற்கிறார்கள். கதவு திறந்திருந்தால் தண்ணீர். சித்தப்பா வெளியூர் போனால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

காலனியின் வார்டு உறுப்பினர் பாண்டியம்மாளை உனக்குத் தெரியும். விடியற்காலை நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை எடுக்கப் போய்விட்டு மத்தியானம் வருகிறவர். வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். எனக்கு இது எதுவும் தெரியாது, என்னைத் தப்பாக நினைக்காதீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. "உங்களக் கொற சொல்ல என்னம்மா இருக்கு. நீங்க தலைவரா இருந்தாத்தான உங்களச் சொல்றதுக்கு" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பேச்சை மாற்றி, டெல்லிக்குப் போகப் போவதைச் சொன்னேன். "கேள்விப்பட்டோம். போறப்ப இந்தக் கொழாயில ஒண்ணக் கழட்டிக் கொண்டுபோங்கம்மா. அங்க உள்ளவங்களும் பாக்கட்டும், எம்புட்டு அழகா இருக்குன்னு" என்றார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வார்டு உறுப்பினர்கள் நம் வீட்டுக்கு வந்தால் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுப்பேன். பாண்டியம்மாளுக்குப் பேப்பர் கப். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. உன் அப்பா சொல்லவில்லை. அந்தக் கப்புகளை நானே சந்தையில் பார்த்து வாங்கி, அடுப்படி மேல்தட்டில் வைத்திருந்தேன். என்னை வராந்தாவில் உட்கார வைத்தார்கள் என்று ஒரு பத்தி முழுக்க எழுதினேன் அல்லவா, அந்த நாட்களில்தான் இதையும் செய்துகொண்டிருந்தேன். எனக்கு வலித்தது அவருக்கும் வலிக்கும் என்று தோன்றவே இல்லை. படித்துவிட்டு என் மீது உனக்கு ஆத்திரம் வந்தால் நல்லது.

கூட்டம் போட்டேன். எனக்குத் தெரிந்து நான் போட்ட முதல் கூட்டம் அதுதான். அலுவலக நாற்காலியில் போய் உட்கார்ந்தால் இருக்கை ஆண் உயரத்துக்கு இருந்தது, கால் தரையில் எட்டவில்லை. உன் அப்பா வழக்கம் போல வந்து, அந்த நாற்காலி நிரம்பியிருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். பாவமாக இருந்தது. எழுந்துவிடலாமா என்றும் இருந்தது. எழவில்லை. பாண்டியம்மாள் எப்போதும் கதவோரம் நிற்பவர். உட்காருங்கள் என்றேன். "இருக்கட்டும்மா" என்று நின்றுகொண்டே இருந்தார். நான் சொன்னதும் உட்கார அவர் என்ன நான் வளர்க்கும் பிள்ளையா. தோப்புக் கிணற்றில் இருந்து காலனித் தொட்டிக்கு ஒரு மாதத்துக்குள் குழாய் இழுக்க வேண்டும், தோப்புக் கதவின் ஒரு சாவி காலனித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன். மூன்று பிழை விட்டு அடித்து எழுதினேன். பாண்டியம்மாள் நோட்டை வாங்கி, ஒரு எழுத்து விடாமல் படித்த பிறகே கையெழுத்துப் போட்டார். நான்கு வருடத்தில் நான் ஒரு நாளும் செய்யாத வேலை அது.

வீட்டில் நடந்ததை உன் அப்பா உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பார். டெல்லிக் கூட்டத்தில் நான்தான் உட்காருவேன், நான்தான் பேசுவேன் என்றேன். "அங்க எல்லாம் இந்தி. ஒனக்கு இந்தி தெரியுமா?" என்றார். உங்களுக்குத் தெரியுமாக்கும் என்று கேட்டேன். "நான் ஆம்பள, சமாளிச்சுருவேன்" என்றார். தமிழிலேயே பேசலாம் என்று அந்தம்மா சொன்னதைச் சொன்னேன். அப்படியென்றால் எழுதி வைத்திருக்கும் பேச்சை மனப்பாடம் பண்ணிக்கோ என்று நீட்டினார். வாங்கிப் படித்தேன். காலனி உட்பட அனைத்து வீடுகளிலும் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் பெருக்கெடுக்கிறது என்று இருந்தது. மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன். சித்தப்பா வந்து சொந்தம் விட்டுப்போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா ஐந்து நாளாக என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் கேட்கிறார், அதுவும் தட்டை நகர்த்தி.

பயணத்துக்குத் துணை யார் என்று சொல்ல அந்த அதிகாரியம்மாவுக்கு நானே போன் போட்டேன், என் சொந்த எண்ணில் இருந்து. துணைக்குப் பாண்டியம்மாள் வருகிறார் என்று பெயர் கொடுத்தேன். பாண்டியம்மாளிடம் அதற்கு முன்பே கேட்டுவிட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை. "நான் கூட வந்தா எங்க தெருவுல தண்ணி வந்துருமா?" என்றார். வராது, ஆனால் நான் அங்கே பொய் சொன்னால் பக்கத்தில் இருந்து எழுந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றேன். இரண்டு ராத்திரி ரயிலில் ஒரே இடத்தில் வரணுமே, உங்களுக்குச் சரிப்படுமா என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "ரயில்ல எல்லாருக்குமே பேப்பர் கப்புதான்ம்மா. கஷ்டம் இருக்காது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

இப்போது உனக்கு வருகிறேன். நீ டெல்லிக்குப் பக்கத்தில் கூர்கானில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறாய். உன் மேலாளர் ஒரு பெண், கெட்டிக்காரி, அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வாய். அங்கே அப்படி. நம் வீட்டுக்கு ஒரு திட்டம் போட உட்கார்ந்ததும் அம்மாவை அறைக்குள் தள்ளினாய். உன் படிப்பு உன் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. சுகன்யாவுக்கு மாதச் சம்பளம் வருகிறது, அதனால் அவளுக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைத்துக்கொண்டிருக்காதே. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலையை டெல்லிக்கு மாற்றிக்கொண்டு வந்துவிடுவாள் என்று நீ என்னிடம் சொன்னாய். அவளிடம் கேட்டுவிட்டாயா என்றேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டாம்மா என்றாய். நானும் இருபத்தைந்து வருடம் ஒன்றும் சொல்லாதவள்தான். ஒன்றும் சொல்லாதவர்கள் எல்லாரும் சம்மதித்தவர்கள் அல்ல. அவளிடம் கேள். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும் வரை வாயை மூடிக்கொண்டிரு. போக விருப்பமா என்று அந்த அதிகாரியம்மா கேட்டதற்கு நான் சொன்ன பதிலைப் போல அவளும் ஒரு பதில் சொன்னால், உன்னிடம் ஏதோ தப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்.

உன் திட்டத்தை நான் கிழிக்கவில்லை. மெட்ரோ மாறும் இடமும் சாப்பாட்டுக் கடையும் எங்களுக்குத் தேவைப்படும். மற்றதை நானும் பாண்டியம்மாளும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். இறங்கிய அன்று எங்களுக்குக் குளித்துவிட்டுத் தூங்க நேரம் வேண்டும். மறுநாளில் இருந்து மூன்று நாளும் பத்து முதல் ஐந்து வரை நாங்கள் கூட்டத்தில் இருப்போம். அந்த நேரத்தில் நீ லீவு போட்டிருந்தால், உனக்கு: அறையில் ஓய்வு. அதன் பிறகு இரண்டு நாள் ஊரைக் காட்டு. செங்கோட்டை இருக்கட்டும். பாராளுமன்றத்தை வெளியில் இருந்தாவது பார்க்க வேண்டும் என்கிறார் பாண்டியம்மாள். யமுனையில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டுமாம். எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்த ஊரை ஒரு காலத்தில் ஒரு பெண்ணும் ஆண்டாள் என்று ஏழாம் வகுப்பில் படித்திருக்கிறேன். அவளுக்குப் பதிலாக யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாடத்தில் இல்லை. அவளைப் புதைத்த இடம் என்று ஏதாவது அங்கே இருந்தால் கூட்டிப் போ. இல்லையென்றால் விடு. கரோல் பாக் வேண்டாம். சேலை சின்னாளபட்டியிலேயே கிடைக்கும்.

உன் அப்பாவை நான் வெறுக்கவில்லை. அவரும் டெல்லியைப் பார்த்ததில்லை. ஆகஸ்ட் மாதம் டிவியில் அந்தக் கோட்டையில் கொடி ஏறும்போது எழுந்து நிற்கிற மனிதர். வாங்கிய ஸ்வெட்டரை பீரோவில் வைத்துவிட்டு தினமும் ஒரு தடவை திறந்து பார்க்கிறார். எங்கள் பயணம் முடிந்த அடுத்த மாதம் அவருக்கு நீ ஒரு டிக்கெட் போடு. படி குறைவாக உள்ள இடமெல்லாம் கூட்டிப் போய்க் காட்டு. அவர் உன் அப்பாவாக டெல்லியைப் பார்க்கட்டும். தலைவராகப் பார்க்க வேண்டாம்.

குழாய் இழுக்கக் காலனிப் பாதையில் பாதி தூரம் பள்ளம் தோண்டியாயிற்று. சித்தப்பாவின் வேலிக்குப் பக்கத்தில் வந்து வேலை நிற்கிறது. இன்று காலையில் போய் நின்றேன், நாளையும் போய் நிற்பேன். ரயில் ஏறும் நாளுக்குள் தண்ணீர் வந்தால் வந்தது என்று டெல்லியில் சொல்வேன். வரவில்லை என்றால், பட்டியல் பொய், அதில் என் கையெழுத்து இருக்கிறது என்று சொல்வேன். பாண்டியம்மாள் தன் வீட்டுக் குழாயைக் கழற்றிப் பொட்டலமாகக் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டார். என் பையில், நீ வாங்கிய மப்ளர் வைக்க விட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. தண்ணீர் வந்த அன்று திருப்பிக் கேட்பாராம்.

கடைசியாக ஒன்று. நேற்று வங்கியிலும் ஒன்றிய அலுவலகத்திலும் என் கையெழுத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். சுழிப்பு கிடையாது. என் அப்பாவின் முதலெழுத்தோடு முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதுகிறேன். கை இன்னும் பழகவில்லை, நடுவில் ஓரிடத்தில் எழுத்து கோணுகிறது. உனக்கு அனுப்பும் பிரதியில் இதற்குக் கீழே அதைப் போட்டிருக்கிறேன். பார்த்து வைத்துக்கொள். போட்டுப் பழகாதே.